ஒருவர் கையில் மூன்று கருவிகள்: கிருஷ்ணகிரி ஆர்கெஸ்ட்ரா ஒன்றின் மிடி அமைப்பு

கிருஷ்ணகிரி வட்டாரத்தில் திருவிழாக் கச்சேரி செய்யும் ஓர் ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டுக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவருக்கு ஓசூரில் ஷிஃப்ட் வேலை கிடைத்தது. இரவுக் கச்சேரிக்கு வர முடியாமல் போயிற்று. மீதி இருந்த மாஸ்டர் ஒருவரே இரண்டு பேர் வேலையையும் பார்க்க வேண்டிய நிலை. அந்தக் குழுவுக்கு வயரிங், கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன் நான். லேப்டாப்பையும், கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பிக்கொள்ளும் பொது மொழியான மிடியையும் வைத்து அவருடைய சுமையை எப்படிக் குறைத்தோம், எதை வேண்டாம் என்று விட்டோம் என்பதுதான் இந்தக் குறிப்பு.

சுமை வாசிப்பில் இல்லை. மாஸ்டரின் கைக்கு எந்தக் குறையும் கிடையாது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்தான் சிக்கல். அறிவிப்பாளர் "அடுத்து வருவது..." என்று இழுக்கும் நேரத்துக்குள் கீழ் கீபோர்டில் டோன் (எந்த வாத்தியத்தின் ஒலி என்பது) மாற்ற வேண்டும், பாடுபவருக்கு ஏற்றபடி டிரான்ஸ்போஸ் (சுருதி மாற்றம்) வைக்க வேண்டும், மேல் கீபோர்டில் இன்னொரு டோன், பக்கத்தில் இருக்கும் சிந்த் மாட்யூலில் வேறொரு எண். ஆண் பாடகர் ஒன்றரைக் கட்டையில் பாடி முடித்ததும் பெண் பாடகி ஐந்தரைக் கட்டையில் வருவார். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் தெலுங்கும் கன்னடமும் பாடியே ஆக வேண்டும். அதனால் பாட்டுப் பட்டியல் மற்ற ஊர்க் குழுக்களுடையதைவிட நீளம். இத்தனையையும் ஒருவரே கையால் மாற்றினால் ஏதாவது ஒன்று தவறத்தான் செய்யும். புல்லாங்குழல் வர வேண்டிய முன்னிசையில் பிராஸ் அலறினால் மைதானமே மேடையைத் திரும்பிப் பார்க்கும்.

இருந்த கருவிகள்: கீழே 61 கட்டை ஒர்க்ஸ்டேஷன் (டோன்களை நாமே அமைத்துச் சேமிக்கக்கூடிய கீபோர்டு); மேலே வேலைக்குப் போனவர் வாசித்த பழைய அரேஞ்சர் (தாளப் பின்னணியும் தானே வாசிக்கும் கீபோர்டு); பெங்களூரில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய, கட்டைகள் இல்லாத, ஒலி மட்டும் எழுப்பும் பெட்டியான சிந்த் மாட்யூல். ரிதம் பக்கம் ஓர் ஆக்டபேட் (குச்சியால் தட்டும் மின்னணுத் தாளக் கருவி). லேப்டாப் விண்டோஸ். அதில் ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருள் ஏற்கெனவே இருந்தது, மைனஸ் டிராக் (பாடகர் குரல் இல்லாத பின்னணி இசைப் பதிவு) ஓட்டுவதற்காக. மேடைக்கென்றே கேன்டபைல், கிக் பெர்ஃபார்மர் மாதிரி மென்பொருள்கள் உண்டு. மேக் வைத்திருப்பவர்களுக்கு மெயின்ஸ்டேஜ் இருக்கிறது. பழகிய லைவை விட்டுப் புதிதாக ஒன்றைக் கற்க சீசன் நடுவில் யாருக்கும் பொறுமை இல்லை.

சத்தம் எங்கே இருக்க வேண்டும்

முதலில் எழுந்த பேச்சு: "எல்லா டோனையும் லேப்டாப்பிலேயே வைத்துவிட்டால் என்ன? கீபோர்டு வெறும் கட்டையாக இருக்கட்டும்." ஸ்டுடியோவில் இது நல்ல வழி. பங்குனி, சித்திரை வெயிலில் தகரப் பந்தலுக்குக் கீழே, ஜெனரேட்டர் கரண்டில், நள்ளிரவு தாண்டி ஓடும் கச்சேரிக்கு நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. லேப்டாப் நின்றால் கச்சேரியே நின்றுவிடும். அதனால் ஆரம்பத்திலேயே ஒரு விதி வைத்துக்கொண்டோம்: சத்தம் முழுக்கக் கருவிகளில் இருக்கட்டும், லேப்டாப்பிலிருந்து கட்டளை மட்டும் போகட்டும். அது செத்தாலும் மாஸ்டர் கையில் இருக்கும் டோன் ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த ஒரு விதியிலிருந்துதான் மற்ற முடிவுகள் எல்லாம் வந்தன. உதாரணமாக லோக்கல் கன்ட்ரோல். கீபோர்டின் கட்டைக்கும் அதன் உள்ளே இருக்கும் ஒலிக்கும் இடையே உள்ள இணைப்பை வைத்திருக்கவோ துண்டிக்கவோ உதவுவது 122-ஆம் எண் கன்ட்ரோல் (கருவியின் ஓர் அமைப்பை மாற்றும் மிடி செய்தி). அதை அணைத்தால் கட்டை அழுத்துவது முதலில் லேப்டாப்புக்குப் போய், அங்கே டிரான்ஸ்போஸ் ஆகி, திரும்பக் கருவிக்கு வரும். வசதிதான். ஆனால் லேப்டாப் தொங்கினால் அழுத்தினாலும் சத்தம் வராது. எனவே ஒர்க்ஸ்டேஷனிலும் அரேஞ்சரிலும் லோக்கல் ஆனிலேயே விட்டோம். மாட்யூலுக்குக் கட்டையே இல்லை என்பதால் அதற்கு மட்டும் விதிவிலக்கு: அரேஞ்சரில் வாசிப்பது லேப்டாப் வழியாகப் போய் மாட்யூலையும் ஒலிக்க வைக்கும். லேப்டாப் போனால் அந்த ஒரு அடுக்கு மட்டும் போகும், பாட்டு நிற்காது.

வயரிங் இப்படி அமைந்தது. லேப்டாப்பிலிருந்து யூஎஸ்பியில் ஒரு மிடி இன்டர்ஃபேஸ் (லேப்டாப்புக்கு மிடி செருகிகளைத் தரும் பெட்டி). அதன் அவுட் ஒரு த்ரூ பாக்ஸுக்கு, அதாவது ஒரே செய்தியைப் பல கேபிளுக்குப் பிரித்துத் தரும் பெட்டிக்கு. அங்கிருந்து தனித்தனி ஐந்து பின் கேபிள்களில் நான்கு கருவிகளின் மிடி இன்னுக்கும். ஒன்றின் த்ரூவிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாகவும் போடலாம், கேபிள் மிச்சம். ஆனால் நடுவில் ஒரு கருவியின் அடாப்டர் கழன்றால் அதற்குப் பின்னால் இருக்கும் அத்தனையும் காது கேளாமல் போய்விடும். எந்தச் செய்தி எந்தக் கருவிக்கு என்று காட்டும் மிடி சேனல் எண்களின் பிரிப்பு: ஒர்க்ஸ்டேஷன் 1, மாட்யூல் 2, 3, அரேஞ்சர் 4, பேட் 10. அரேஞ்சரிலிருந்து வரும் நோட்டு மறுபடி 4-ஆம் சேனலில் அதற்கே திரும்பிப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். போனால் ஒவ்வொரு சுரமும் இரட்டையாக ஒலிக்கும், கோரஸ் போட்டதுபோல் குழைந்து கேட்கும்.

பாட்டு எண்ணும் டோன் எண்ணும் ஒன்றே

அமைப்பில் பெரும்பகுதி உழைப்பு மென்பொருளில் இல்லை, பட்டியலில்தான். மாஸ்டரிடம் பாட்டுகளுக்கு ஏற்கெனவே வரிசை எண் போட்ட நோட்டு இருந்தது. அந்த எண்ணையே ஒர்க்ஸ்டேஷனின் யூசர் நினைவக எண்ணாக வைத்தோம். நோட்டில் 37-ஆம் பாட்டு என்றால் யூசர் பேங்கில் (நாமே சேமிக்கும் டோன்களின் தொகுதியில்) 37-ஆவது இடத்தில் அந்தப் பாட்டுக்கான பெர்ஃபார்மன்ஸ். டோன், ஸ்பிளிட் (கட்டைகளை இரண்டாகப் பிரித்து இரு டோன் வைப்பது), எஃபெக்ட், வால்யூம், பாடுபவரின் கட்டைக்கு ஏற்ற கோர்ஸ் டியூன் (சுருதி நகர்த்தல்) எல்லாம் அதற்குள்ளேயே சேமிக்கப்பட்டுவிடும். லேப்டாப் செய்ய வேண்டியது ஓர் எண்ணை அனுப்புவது மட்டும். லேப்டாப் இல்லாத அன்று மாஸ்டரே அந்த எண்ணை அழுத்திக்கொள்ளலாம்.

ஒரு பேங்கில் 128 இடம். தமிழ்ப் பாட்டுகள் முதல் யூசர் பேங்கில், தெலுங்கும் கன்னடமும் இரண்டாவதில். மாட்யூலில் ஒரே யூசர் பேங்க்தான்; அதனால் பிறமொழிப் பாட்டுகளுக்கு எண் ஒத்துப்போகவில்லை, பட்டியலில் தனிப் பத்தி போட வேண்டியதாயிற்று. மாட்யூல் தேவையே இல்லாத பாட்டுகளின் இடத்தில் சத்தமில்லாத ஒரு டோனைச் சேமித்தோம். அப்படிச் செய்யாவிட்டால் முந்தைய குத்துப்பாட்டின் லீட் டோன் அப்படியே தங்கி, அடுத்து வரும் அம்மன் பாட்டில் மூக்கை நுழைக்கும்.

அரேஞ்சர் இவ்வளவு ஒத்துழைக்கவில்லை. அதன் ரெஜிஸ்ட்ரேஷனை (சேமித்து வைத்த முழு அமைப்பை) மிடியில் கூப்பிட முடியாது, ஒற்றை டோனை மட்டுமே மாற்றலாம். அதன் அடிப்படை வரிசை, 128 டோன்களுக்குப் பொதுவான எண் வைத்து 1991-இல் வந்த ஜெனரல் மிடி தரத்தின்படி இருந்ததால் தேடும் வேலை மிச்சமாயிற்று: புல்லாங்குழல் 74, சிதார் 105, ஷெனாய் 112. நாதஸ்வரத்துக்கு அந்த 128-இல் இடம் கிடையாது. ஷெனாயை வைத்து ஒப்பேற்றுவதுதான் ஆர்கெஸ்ட்ரா வழக்கம், ஊர்க்காரர்களும் பெரிய மனசு பண்ணி விட்டுவிடுகிறார்கள்.

இப்போது எல்லாரையும் குழப்பும் இடம். ஒரு டோனைக் கூப்பிட மூன்று செய்திகள் வரிசையாகப் போக வேண்டும்: கன்ட்ரோல் எண் 0-இல் பேங்கின் பெரிய எண், கன்ட்ரோல் எண் 32-இல் சின்ன எண், கடைசியாகப் பேங்குக்குள் எந்த டோன் என்று சொல்லும் புரோகிராம் சேஞ்ச். பேங்க் செய்தி மட்டும் போனால் கருவி வாயே திறக்காது, புரோகிராம் சேஞ்ச் வரும்வரை காத்திருக்கும். வரிசை மாறி, புரோகிராம் முதலில் போய்விட்டால் பழைய பேங்கின் டோன்தான் வரும்.

கேபிளில் போகும் எண்கள் 0 முதல் 127 வரை. கருவியின் கையேடு பேங்கை 0-விலிருந்து எண்ணும், புரோகிராமைப் பெரும்பாலும் 1-லிருந்து எண்ணும். லைவின் கிளிப்பில் (ஓட்டக்கூடிய சிறு துண்டில்) பேங்க், சப் பேங்க், புரோகிராம் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். மூன்றுமே 1-லிருந்துதான் தொடங்கும். ஆகவே கையேட்டில் பேங்க் 63, 8, புரோகிராம் 37 என்று இருந்தால் லைவில் 64, 9, 37 என்று போட வேண்டும். முதல் இரண்டுக்கும் ஒன்றைக் கூட்ட வேண்டும், மூன்றாவதை அப்படியே விட வேண்டும். கையேட்டில் புரோகிராமும் 0-விலிருந்து இருந்தால் மூன்றுக்கும் கூட்ட வேண்டும். இதை யோசித்து யோசித்துப் போடுவதைவிட நல்ல வழி உண்டு. ஒர்க்ஸ்டேஷனின் மிடி அவுட்டை லேப்டாப்பில் செருகி, மிடி-ஆக்ஸ் என்ற சின்ன மென்பொருளைத் திறந்து வைத்து, கருவியின் பொத்தானால் அந்த டோனைத் தேர்ந்தெடுத்தால், அது தானே அனுப்பும் எண்கள் திரையில் வரும். அவை கேபிளில் போகும் 0-விலிருந்து தொடங்கும் எண்கள்; குறித்துக்கொண்டு, மூன்றுக்கும் ஒன்றைக் கூட்டி லைவில் போட்டால் கையேடே வேண்டாம். ஒன்று மட்டும் கவனம்: விண்டோஸில் பழைய மிடி டிரைவர்கள் பல, ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளுக்குத்தான் தரும். லைவ் திறந்திருந்தால் மிடி-ஆக்ஸுக்கு அது கிடைக்காமல் போகலாம்.

லைவில் ஒவ்வொரு பாட்டும் ஒரு சீன், அதாவது ஒன்றாக ஓடும் கிளிப்களின் வரிசை. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு டிராக், அதில் நோட்டே இல்லாத வெற்று மிடி கிளிப், கிளிப்புக்குள் அந்த மூன்று எண்கள். சீனை இயக்கினால் எல்லாக் கருவிக்கும் எண் பறக்கும். கிளிப் எந்தத் தாள இடத்தில் தொடங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் குளோபல் குவான்டைசேஷனை 'நன்' (எதுவும் இல்லை) என்று வைக்க வேண்டும். லைவ் தொடக்கத்தில் அதை ஒரு பார் (ஒரு தாளச் சுற்று) என்று வைத்திருக்கும். அப்படியே விட்டால் அழுத்திய பின்பும் அடுத்த பார் வரும்வரை கட்டளை காத்திருக்கும். 60 டெம்போவில் நான்கு தாள அடிப் பாட்டுக்கு அது கிட்டத்தட்ட நான்கு வினாடி வரை போகும். சீனைக் காலால் இயக்க ஒரு ஃபுட்ஸ்விட்ச். 'இயக்கியதும் அடுத்த சீனுக்குத் தாவு' என்ற வசதியை அணைத்துவிட்டோம், ஏனென்றால் நம் ஊரில் எழுதி வைத்த வரிசைப்படி எந்தக் கச்சேரியும் நடப்பதில்லை. ஊர்ப் பெரியவரிடமிருந்து சீட்டு வரும், "ஒன்ஸ்மோர்" வரும், பாடகி தொண்டை சரியில்லை என்பார். அம்புக்குறிக் கட்டையால் சீனைத் தேடி வைத்துக்கொண்டு, பாட்டு தொடங்கும்போது காலால் மிதிப்பதுதான் நடைமுறைக்கு ஒத்து வந்தது.

மிதித்ததும் எப்போது மாறும்

"தம்பி, மிதிச்ச உடனே மாறுமா, இல்ல யோசிச்சு மாறுமா?" என்று மாஸ்டர் கேட்டார். சரியான கேள்வி.

மிடி கேபிளில் வினாடிக்கு 31,250 பிட் போகும். ஒரு பைட்டுக்குத் தொடக்க, முடிவு பிட்டோடு சேர்த்து 10 பிட், அதாவது 0.32 மில்லி வினாடி. பேங்க் செய்திகள் இரண்டுக்கும் தலா மூன்று பைட், புரோகிராம் சேஞ்சுக்கு இரண்டு, மொத்தம் எட்டு. ஒரு கருவிக்கு 2.56 மில்லி வினாடி. நான்குக்கும் சேர்த்தாலும் பத்துக்குக் கொஞ்சம் மேல்தான். 1983-இல் அமெரிக்காவில் 'நாம்' (NAMM) என்ற இசைக்கருவிக் கண்காட்சியில் புராஃபெட்-600, ஜூபிடர்-6 என்ற இரண்டு கம்பெனிக் கருவிகளைக் கோத்துக் காட்டிய நாளிலிருந்து இந்த வேகம் மாறவில்லை. அதனால்தான் பழைய மாட்யூலும் புது லேப்டாப் சொல்வதைக் கேட்கிறது. தாமதம் கேபிளில் இல்லை. எண் வந்த பிறகு டோனையும் எஃபெக்டையும் ஏற்றிக்கொள்ளக் கருவி எடுக்கும் நேரம்தான் தாமதம். எங்கள் மாட்யூலில் அது காதுக்கே தெரியும். முதல் நோட்டும் புரோகிராம் சேஞ்சும் ஒரே நொடியில் போனால் அந்த நோட்டு பழைய டோனில் விழும், அல்லது விழாமலே போகும். அதனால் பாட்டு தொடங்கும் கணத்தில் மிதிக்காமல், அறிவிப்பாளர் பேசும்போதே மிதிக்கும் பழக்கத்தை மாஸ்டர் ஏற்படுத்திக்கொண்டார்.

அரேஞ்சர் கட்டையிலிருந்து லேப்டாப் வழியாக மாட்யூலுக்குப் போகும் நோட்டு விஷயம் வேறு. லைவில் மிடியின் ஓட்டமும் ஆடியோ பஃபரோடு (லேப்டாப் ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் துண்டின் அளவோடு) பிணைந்தது. லேப்டாப்பிலிருந்து ஒலி வராவிட்டாலும் பஃபர் பெரிதாக இருந்தால் நோட்டு பின்தங்கும். 44,100 சாம்பிள் வேகத்தில் 512 பஃபர் என்றால் 11.6 மில்லி வினாடி, 128 என்றால் 2.9. 512-இல் மாஸ்டர் "கை ஒட்ட மாட்டேங்குது" என்றார். 128-க்கு இறக்கியதும் பேச்சு நின்றது.

பாட்டுக்கு நடுவில் டோன் மாற்றுவது இன்னொரு தலைவலி. பல்லவி முடிந்து முதல் பிஜிஎம்மில் ஸ்ட்ரிங்ஸ், உடனே லீட், சரணத்துக்கு மறுபடி ஸ்ட்ரிங்ஸ். புதிய சிந்த்கள் பலவற்றில் டோன் மாறினாலும் அழுத்திப் பிடித்த நோட்டு அறுபடாது. எங்கள் மாட்யூல் அந்தத் தலைமுறை இல்லை. புரோகிராம் சேஞ்ச் வந்ததும் கத்தரித்ததுபோல் சத்தம் நின்றுவிடும். இதற்கு வழி, புரோகிராமை மாற்றாமல் சேனலை மாற்றுவது. மாட்யூலின் 2-ஆம் சேனலில் ஸ்ட்ரிங்ஸையும் 3-இல் லீடையும் பாட்டு தொடங்கும் முன்பே ஏற்றிவிடுகிறோம். நடுவில் லைவ் செய்வது அரேஞ்சரின் கட்டைகளை இந்தச் சேனலிலிருந்து அந்தச் சேனலுக்குத் திருப்பிவிடுவது மட்டும். பிடித்திருந்த ஸ்ட்ரிங்ஸ் தானாகத் தேய்ந்து முடிய, அதன் மேலேயே லீட் ஏறும். அந்தச் சமயம் சஸ்டைன் பெடல் மிதியில் இருந்தால் மட்டும் பெடல் எடுத்த செய்தி புதுச் சேனலுக்குப் போய்விடும், பழைய சேனலில் சுரம் இழுத்துக்கொண்டே நிற்கும். அதனால் திருப்பும்போது பழைய சேனலுக்கு 64-ஆம் கன்ட்ரோலை 0 ஆக்கி அனுப்புகிறோம்.

சில பாட்டுகளில் லீட் டோனின் ஃபில்டர் (ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் பகுதி) மெல்லத் திறக்க வேண்டும். இது 74-ஆம் கன்ட்ரோல். கிளிப்பின் என்வெலப்பில் (நேரத்துக்கு ஏற்ப மதிப்பு மாறும் கோட்டில்) வரைந்துவிட்டால் கையால் குமிழ் திருக வேண்டியதில்லை. பாட்டை நடுவில் நிறுத்தினால் ஃபில்டர் பாதி திறந்தபடியே நிற்கும். 121-ஆம் எண்ணான 'ரீசெட் ஆல் கன்ட்ரோலர்ஸ்' இதைச் சரி செய்யும் என்று பலர் நம்புகிறார்கள். தரத்தின்படி அது பிட்ச் பெண்ட், மாடுலேஷன், எக்ஸ்பிரஷன், சஸ்டைன் போன்றவற்றைத்தான் பழைய நிலைக்குக் கொண்டுவரும். 70 முதல் 79 வரையுள்ள ஒலிக் கன்ட்ரோல்களையும் வால்யூமையும் தொடாது. எங்கள் மாட்யூலுக்கு மருந்து, அதே புரோகிராம் எண்ணை மறுபடி அனுப்புவது. காலால் இன்னொரு தடவை மிதித்தால் போதும். தாவும் வசதியை அணைத்து வைத்ததன் இரண்டாவது லாபம் இது.

ஜெனரேட்டர், பேட், கிளாக்

காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு மாரியம்மன் திருவிழா. அன்று ஒர்க்ஸ்டேஷனை மட்டும் யூஎஸ்பியிலேயே நேராக லேப்டாப்பில் இணைத்திருந்தோம், கேபிள் ஒன்று குறையுமே என்று. ஸ்பீக்கரில் 'ஙீ...' என்று ஓர் இரைச்சல். மவுஸை நகர்த்தினால் அதுவும் கூடவே நெளிகிறது. மிக்ஸரில் இருந்தவர் ஒவ்வொரு சேனலாக இறக்கிப் பார்த்துக் கீபோர்டு லைனில் பிடித்தார். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினோம், சுத்தமாக நின்றது. செருகினோம், மறுபடி வந்தது. சார்ஜரின் எர்த்தும் மிக்ஸரின் எர்த்தும் யூஎஸ்பி வழியே வளையமாகிவிட்டன என்று அர்த்தம். அந்த யூஎஸ்பியைக் கழற்றிவிட்டு ஐந்து பின் கேபிளைப் போட்டதும் சார்ஜர் இருந்தும் சத்தம் இல்லை. மிடி இன்னில் ஆப்டோகப்ளர் இருக்கும். செய்தி வெளிச்சமாகக் கடந்து போகும், கரண்ட் கடக்காது. யூஎஸ்பியில் அந்தத் தடுப்பு கிடையாது. இந்த ஒரே காரணத்துக்காகவே மேடையில் பழைய வட்டச் செருகியை நான் விடமாட்டேன்.

மலிவான யூஎஸ்பி-மிடி கேபிள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு நோட்டு, ஒரு புரோகிராம் எண் என்றால் ஒழுங்காகப் போகும். நான்கு கருவிக்கான செய்திகள் ஒரே மூச்சில் போகும்போது நாங்கள் வாங்கிய ஒன்று நடுவில் சிலவற்றை விழுங்கியது. இன்டர்ஃபேஸ் வாங்கியது அதனால்தான். அதையும் எப்போதும் லேப்டாப்பின் ஒரே யூஎஸ்பி துளையில் செருக வேண்டும். துளை மாறினால் விண்டோஸ் அதைப் புதுக் கருவியாக நினைத்து வேறு பெயர் வைக்கலாம். லைவ் பழைய பெயரைத் தேடிக்கொண்டு சும்மா இருக்கும். துளைக்குப் பக்கத்தில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறோம்.

ஆக்டபேடின் கிட் (தாள ஒலிகளின் தொகுப்பு) மாற்றமும் லேப்டாப்பிலிருந்தே போகட்டும் என்று திட்டம். மிடியில் அது மிகச் சுலபம், ஒரே ஒரு புரோகிராம் எண். பேட் வாசிப்பவர் கேட்டார்: "அண்ணே, நான் வாசிச்சிட்டு இருக்கும்போது என் கிட்டை நீங்க மாத்துவீங்களா? அப்ப நான் எதுக்கு?" அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. அவர் ஒரு பாட்டுக்குள்ளேயே மூன்று கிட் மாற்றுபவர், அதுவும் கூட்டத்தின் ஆட்டத்தைப் பார்த்து. கேபிளைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டோம். த்ரூ பாக்ஸில் ஒரு துளை இன்றும் காலி.

அரேஞ்சர் தானே வாசிக்கும் ஸ்டைல் தாளத்தை, வேகத்தை ஒத்துப்போக வைக்கும் மிடி கிளாக்கில் லைவோடு பூட்டும் யோசனையும் வந்து போயிற்று. கிளாக் ஒரு கால் நோட்டுக்கு 24 துடிப்பு. பூட்டு நன்றாகவே பிடிக்கும். ஆனால் தபேலாவும் பேடும் நேரில் வாசிக்கும் மேடையில் தாளம் மெஷினுக்கு அடங்காது, அடங்கவும் கூடாது. மைனஸ் டிராக்கில் ஓடும் சில பாட்டுகளுக்கு மட்டும் வாசிப்பவர்கள் காதில் கிளிக் கொடுத்து முடித்துக்கொண்டோம்.

சீசன் முடிந்தபோது

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவிலான மௌனம் வெகுவாகக் குறைந்தது. அறிவிப்பாளருக்குத்தான் பேச நேரம் போதவில்லை என்று குறை. தருமபுரிப் பக்கத்துக் கச்சேரி ஒன்றில் லேப்டாப் தானாக ரீஸ்டார்ட் ஆனது. மாஸ்டர் ஒர்க்ஸ்டேஷனில் அடுத்த பாட்டின் எண்ணைக் கையால் அழுத்தி வாசித்தார், மாட்யூலின் அடுக்கு மட்டும் இல்லை. கீழே இருந்தவர்களில் யாருக்கும் தெரியவில்லை. ஒரே பாட்டை வேறு பாடகர் வேறு கட்டையில் பாடினால் மட்டும் இன்னும் கையால்தான் டிரான்ஸ்போஸ். ஒர்க்ஸ்டேஷனில் ஒரு தடவை, அரேஞ்சரில் ஒரு தடவை. ஒவ்வொரு பாடகருக்கும் தனித்தனியாக சேமித்தால் தீரும். ஆனால் எண் வரிசை குலைந்துவிடும், அதற்கு மாஸ்டர் சம்மதிக்கவில்லை. எனக்கும் அவர் சொல்வதே சரியென்று படுகிறது.

அமைப்பு முழுவதும் கருவிகளின் யூசர் நினைவகத்தை நம்பி நிற்பதால், பழைய மாட்யூலின் உள் பேட்டரி தீர்ந்தால் அத்தனை டோனும் போய்விடும். அதனால் டோன்களைச் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் பல்க் டம்ப் (நினைவகம் முழுவதன் நகல்) எடுத்து வைக்கிறோம். இது அந்தந்தக் கருவிக்கே உரிய, சிஸ்டம் எக்ஸ்க்ளூசிவ் என்ற வகை மிடி செய்தி. லைவ் இதைப் பதிவு செய்யாது. லைவை மூடிவிட்டு மிடி-ஆக்ஸில் பதிவு செய்து, ஒரு பிரதி லேப்டாப்பிலும் ஒன்று மாஸ்டரின் பென்டிரைவிலும் போட்டு வைத்திருக்கிறோம். திருப்பி ஏற்றும்போது மாட்யூலின் மெமரி புரொடெக்ட் ஆஃப் ஆகியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆன் ஆக இருந்தால் மாட்யூல் கோப்பு முழுவதையும் வாங்கிக்கொள்ளும், எதையும் எழுதாது.